கடலுக்குக் கீழே ஓர் ஊர் எப்படிப் பிழைக்கிறது? (ஆம்ஸ்டர்டாம் பற்றி ஒரு சந்தேகம்)

நடைவண்டி:
அலுவலக வேலையாக அடுத்த மாதம் மூன்று வாரம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கப் போகிறேன். எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதற்காக இந்த இழை இல்லை. எனக்கு ரொம்ப நாளாக ஒரு குழப்பம். அந்த ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்கிறார்கள். ஊருக்குள் 165 கால்வாய் என்றும் சொல்கிறார்கள். பள்ளத்தில் கிடக்கிற ஊருக்குள் தண்ணீரையும் விட்டுக்கொண்டு எப்படி முழுகாமல் இருக்கிறார்கள்? இன்னொன்று, அப்படிப்பட்ட சேற்றில் போய் யார் முதலில் வீடு கட்டினார்கள்? அது எப்படிப் பணக்கார ஊர் ஆனது? அங்கே இருப்பவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒருவன்:
வீடெல்லாம் மிதக்கிறது. தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும். அடுத்த கேள்வி?

மதகடி:
சும்மா, மிதக்கிற வீடும் உண்டு. ஆனால் அது சுமார் 2,500 படகு வீடுகள்தான். பழைய ஊர் முழுக்க மரக்கம்பத்தின் மேல் நிற்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நடைவண்டி, நான் அங்கே ஒன்பது வருடம் அஸ்திவார வேலையில் இருந்தவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்குக் கீழே இடம் பார்த்து யாரும் ஊர் கட்டவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தப் பகுதி கடலைவிட மேடு. அவர்களேதான் அதைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

ஏனென்றால் அது நாம் நினைக்கிற மண்ணே இல்லை. பாசியும் நாணலும் செத்துச் செத்துத் தண்ணீரில் ஊறி, மட்கியும் மட்காமலும் பல மீட்டர் கனத்துக்குச் சேர்ந்த ஒரு பஞ்சு. பீட் என்பார்கள். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் ஒழுகும், கையில் நார்தான் மிஞ்சும். குடியேறிய விவசாயிகள் தானியம் விதைக்க வேண்டும் என்று அதில் ஓடை வெட்டி நீரை வடித்தார்கள். நீர் போனதும் பஞ்சு சுருங்கியது. காற்று புகுந்ததும் மட்காமல் கிடந்ததெல்லாம் மட்க ஆரம்பித்தது. மட்கினது கரியமில வாயுவாகப் போய்விட்டது. நிலம் இறங்கியது. இறங்கியதால் திரும்ப ஈரம். இன்னும் ஆழமாக வடித்தார்கள். இன்னும் இறங்கியது. சுற்றுவட்டார மேய்ச்சல் நிலங்களில் இது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

கடலுக்குச் சமமாக வந்த பிறகுதான் கரை எழுப்பினார்கள். ஆம்ஸ்டல் ஆற்று முகத்தில் ஓர் அணை போட்டார்கள். ஆம்ஸ்டல் அணை என்பதுதான் ஊர்ப்பெயர். அந்தப் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது 1275 அக்டோபர் 27 அன்று, ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃபுளோரிஸ் இந்த ஊர்க்காரர்களுக்குச் சுங்கம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தபோது. ஊரின் பிறப்புச் சான்றிதழே ஒரு வரிவிலக்குப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடைவண்டி:
சரி, நிலம் இறங்கியது புரிகிறது. ஆனால் கால்வாய்த் தண்ணீர்?

மதகடி:
கால்வாய் என்றாலே ஊரிலேயே பள்ளமான இடம் என்று நினைக்கிறோம். அங்கே அப்படி இல்லை. தண்ணீர் மாடிப்படி மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது.

அவர்களுக்கென்று ஓர் அளவுகோல் உண்டு, ஆம்ஸ்டர்டாம் மட்டம். 1680களில் மேயராக இருந்த ஹுட்டே, ஊர் மதகுகளில் எட்டுச் சலவைக்கல் பதித்து அதில் கோடு போட்டு வைத்தார். அந்த வழியில் வந்த சுழி (பூஜ்ய) மட்டத்தைத்தான் இன்றைக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி உயரம் அளக்கப் பயன்படுத்துகிறது. சுமாராகக் கடல்மட்டம் என்று கொள்ளலாம். ஊர்க் கால்வாய்களின் நீர் இந்தச் சுழிக்கு 40 சென்டிமீட்டர் கீழே நிற்கும். வருடம் முழுவதும் அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழைய ஊரின் தெருக்கள் அதற்கு மேலே இருக்கின்றன. ஆகவே நீங்கள் சுற்றப் போகிற மையப்பகுதி அவ்வளவு பள்ளம் இல்லை.

உண்மையான பள்ளம் ஊருக்கு வெளியே. ஏரியைச் சுற்றிக் கரை கட்டி, நீரை இறைத்து வயலாக்கிய இடங்களை போல்டர் என்பார்கள். வாட்டர்கிராஃப்ஸ்மேர் 1629இல் வற்ற வைத்தது, இப்போது நகரத்தின் ஒரு பேட்டை, சுழிக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் கீழே. நீங்கள் இறங்கப் போகிற ஸ்கிபோல் விமான நிலையம் இருப்பது ஹார்லமர்மேர் என்ற பழைய ஏரியின் தரையில். மூன்று நீராவி பம்ப் நிலையங்களை வைத்து 1849 முதல் 1852 வரை இறைத்தார்கள். விமானம் தரை தொடும்போது கடலுக்கு மூன்று, நான்கு மீட்டர் கீழே இருப்பீர்கள்.

போல்டரில் பெய்கிற மழை தானாக எங்கும் போகாது. பம்ப் அதை மேலே உள்ள கால்வாய்க்கு ஏற்றும். அங்கிருந்து வடகடல் கால்வாய், கடைசியில் எய்மாய்டன் கடற்கரையில் ஒரு ராட்சத பம்ப் நிலையம். நொடிக்கு 260 கன மீட்டர் வரை கடலில் தள்ளும். ஆக, கால்வாய் என்பது பள்ளத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றுகிற வழி. அதை மூடினால்தான் முழுகுவார்கள்.

சும்மா_ஒருவன்:
கரண்ட் போனால்?

மதகடி:
நல்ல கேள்வி, அதனால்தான் டீசல் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். இதற்கென்று தனி நீர் வாரியங்கள் உண்டு, நாடு முழுக்க 21. பாராளுமன்றத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. தனித் தேர்தல், தனி வரி. வேட்பாளர்கள் பம்ப் நிலையத்தைப் பற்றியும் மேய்ச்சல் நிலத்தின் நீர்மட்டத்தைப் பற்றியும் பேசி வாக்குக் கேட்பதை நான் முதலில் பார்த்தபோது சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

சாண்டாம்_மழை:
வணக்கம். ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் சாண்டாமில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். மதகடி அண்ணா சொன்னதெல்லாம் சரி. நான் வானிலை பற்றி மட்டும் சொல்கிறேன், தம்பி வெளிக்கிட முன்னம் தெரிய வேணும்தானே.

குளிர் என்று பயப்பட வேண்டாம். ஜனவரியில் சராசரி 4 பாகை, ஜூலையில் 18. கனடாவில் இருக்கிற என் அக்காவுக்கு இது குளிரே இல்லை. மழையும் வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அந்த 850ஐயும் கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுக்கப் பிச்சுப் பிச்சுத் தருவார்கள். பத்து நிமிடம் தூறும், வெயில் வரும், திரும்பத் தூறும். எல்லாரும் கைப்பேசியில் மழை ராடார் பார்த்துத்தான் வெளிக்கிடுவார்கள். என் பிள்ளை வாசலில் சைக்கிளோடு நின்று, "அம்மா, ஏழு நிமிடம் பொறுங்கோ" என்பான். ஏழு நிமிடத்தில் விடும்.

பிரச்சினை காற்று. தென்மேற்கிலிருந்து கடற்காற்று, மறிக்க ஒரு மலை இல்லை. குடை கொண்டு வராதீர்கள், முதல் பாலத்திலேயே திருப்பி எறியும். மழைச்சட்டைதான் சரி. இன்னொன்று வெளிச்சம். டிசம்பரில் எட்டு மணித்தியாலம்கூட வெளிச்சம் இராது, ஜூனில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்திருக்கும். எனக்கு முதல் இரண்டு வருடமும் குளிரைவிட அந்த இருட்டுத்தான் தாங்க முடியாமல் இருந்தது.

கால்வாய் உறையுமா என்று எல்லாரும் கேட்பார்கள். எப்போதாவது. 2012, 2018, 2021 குளிர்காலங்களில் பிரின்சன்கிராக்ட் கால்வாயில் சனம் சறுக்கினது. இப்போது வெயில்தான் அதிசயமாக வருகிறது. 2019 ஜூலை 25 அன்று நாட்டின் தெற்கே 40.7 பாகை பதிவானது. வெயில் கூடினால் தூக்குப் பாலங்களின் இரும்பு விரிந்து இறுகிவிடும், திறக்கவும் ஏலாது, மூடவும் ஏலாது. அதனால் தண்ணீர் பீய்ச்சி பாலத்தைக் குளிப்பாட்டுவார்கள். கோவில் தேருக்கு முன் வீதிக்குத் தண்ணீர் அடிக்கிற மாதிரி இருக்கும்.

நடைவண்டி:
அக்கா, மழைச்சட்டை இன்றைக்கே வாங்குகிறேன். நன்றி!

கணக்குப்பிள்ளை:
பணம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு நான் வருகிறேன். மதகடி சொன்ன அந்தப் பஞ்சு நிலத்திலேயே விடை இருக்கிறது.

நிலம் இறங்கி ஈரமாகிவிட்டதால் தானியம் விளையவில்லை. புல் மட்டும் வளர்ந்தது. மாடு வளர்த்தார்கள், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தார்கள். ஹெரிங் மீன் பிடித்தார்கள். ஆனால் ரொட்டிக்குத் தானியம்? பால்டிக் கடலோரத்தில், டான்சிக் துறைமுகத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். தங்களுக்கு வாங்கப் போனவர்கள் நாளடைவில் பாதி ஐரோப்பாவுக்கும் வாங்கி விற்கிற தரகர்கள் ஆனார்கள். ரையும் கோதுமையும் மரமும் வரும்; உப்பும் ஹெரிங்கும் ஒயினும் துணியும் போகும். இதற்கு அவர்கள் வைத்த பெயரே தாய் வணிகம். கிராம்பும் மிளகும் பிறகு வந்தவை.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 1590களில் கொர்னெலிஸ் கொர்னெலிஸ்சோன் என்பவர் காற்றாலையில் ரம்பத்தைப் பூட்டினார். சாண்டாம்_மழை இருக்கிற அந்தச் சான் ஆற்றோரம் நூற்றுக்கணக்கான ஆலைகள் பலகை அறுத்தன. பலகை மலிந்தது, கப்பல் மலிந்தது. கூடவே, அதிகம் ஏற்றி, குறைந்த ஆளால் ஓட்டுகிற ஒரு சரக்குக் கப்பலும் வடிவமைத்துக்கொண்டார்கள். அப்புறம் 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள், 1609இல் நகரத்தின் நாணய மாற்று வங்கி, 1613இல் ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று மூன்று வளையக் கால்வாய் வெட்டத் தொடங்கியது. நீங்கள் படம் எடுக்கப் போகிற அழகெல்லாம் அந்தக் காலத்து ரியல் எஸ்டேட் திட்டம்தான். சரக்குப் படகு நேரே வீட்டு வாசலில் நிற்கும், மூட்டை மேல்மாடிக் கிடங்குக்கு ஏறும்.

நாகைக்காரன்:
நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் தானியமும் வெண்ணெயும் விற்று யாரும் அப்படி மாளிகை கட்டவில்லை. பழவேற்காட்டில் 1613இல் எழுந்த டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டையை விட்டுவிட்டீர்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்ததை விட்டுவிட்டீர்கள். நம் சோழமண்டலத் துணியைக் கொண்டுபோய்த்தான் இந்தோனேசியத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்கினார்கள். 1620களில் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளை பதாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். அந்தக் கம்பெனியின் மூலதனத்தில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாம் கிளையுடையது. இதெல்லாம் 'பிறகு வந்தவை'யா?

கணக்குப்பிள்ளை:
கேள்வி நியாயம். நான் சொன்னது வரிசையைப் பற்றி. பால்டிக் வியாபாரத்தில் கப்பலும் கடனும் ஆளும் சேர்ந்த பிறகுதான் ஆசியாவுக்குப் போக முடிந்தது. போன பிறகு நடந்தது நீங்கள் சொன்னதுதான், இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் நடந்த படுகொலையைப் பார்த்தால் இன்னும் கொடுமை. தென் அமெரிக்காவின் சூரினாம் தோட்டங்களின் சர்க்கரையும் காப்பியும் தனிக் கதை, அந்தக் காலனியில் நகர நிர்வாகமே பங்குதாரர். 2021 ஜூலை 1 அன்று மேயர் ஃபெம்கே ஹல்செமா நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 'பிறகு வந்தவை' என்று ஒரே வார்த்தையில் கடந்தது என் தப்பு.

நாகைக்காரன்:
சரி, ஒத்துக்கொண்டதற்கு நன்றி. சண்டைக்கு வரவில்லை, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தூர தேசத்துக் கதை இல்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பல்தேயு 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட புத்தகத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. அந்த ஊர் அச்சகத்தில் நம் அகரம் ஏறி முன்னூற்றைம்பது வருடம் ஆகிறது.

சாண்டாம்_மழை:
இது எனக்குத் தெரியாது! பிள்ளைக்குச் சொல்கிறேன்.

மதகடி:
பொருளாதாரத்தில் கடல் வழியையும் சேர்க்க வேண்டும். பழைய துறைமுகம் கிழக்கே, சாய்டர்சே என்ற ஆழமில்லாத உள்கடல் வழியாக. ஊர் வாசலிலேயே பாம்பஸ் என்று ஒரு சேற்றுத் திட்டு. கப்பல் பெரிதாகப் பெரிதாக அதில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் மிதவைப் பெட்டிகளைக் கட்டி, அதிலிருந்து நீரை இறைத்துக் கப்பலைத் தூக்கி இழுத்தார்கள். அந்த மிதவைக்குப் பெயர் ஒட்டகம். 1824இல் வடக்கே ஒரு நீளக் கால்வாய் வெட்டினார்கள், அது சீக்கிரமே பற்றவில்லை. 1876இல் மேற்கே மணல்மேட்டை அறுத்து நேராகக் கடலுக்கு வழி செய்தார்கள், அதுதான் முன்னே சொன்ன வடகடல் கால்வாய். அதன் வாயில் எய்மாய்டனில் 2022இல் திறந்த, கப்பலை உள்ளே விடும் மதகுப்பூட்டு 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். உலகத்திலேயே பெரியது. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் உப்புநீர் கனத்தால் அடியோடு உள்ளே வரும். வறட்சி வருடங்களில் இதுதான் தலைவலி.

கிழக்கே 1932இல் 32 கிலோமீட்டர் அணைக்கரை போட்டு சாய்டர்சேயை அடைத்துவிட்டார்கள். உள்கடல் நன்னீர் ஏரியானது. அந்தப் பக்கத்துத் தண்ணீரைத்தான் பம்ப் வைத்து ஊர்க் கால்வாய்களுக்குள் விடுவார்கள். இரவில் மதகுகளை மூடி, அழுக்கை மேற்கே தள்ளிக் கழுவுவது வழக்கம். சாக்கடை வருவதற்கு முன்னால் கோடையில் நாற்றம் தாங்காமல் பணக்காரர்கள் ஆற்றோரத் தோட்ட வீடுகளுக்கு ஓடிவிடுவார்களாம். குடிநீருக்குக் கால்வாய் உதவாது. 1853இல் கடலோர மணல்மேட்டிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்து, வாளி ஒரு காசு என்று ஊர் வாசலில் விற்றார்கள்.

சும்மா_ஒருவன்:
கால்வாய் எவ்வளவு ஆழம்?

மதகடி:
மூன்று மீட்டர். உள்ளூர்க் கணக்குப்படி ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், ஒரு மீட்டர் தண்ணீர். சிரிக்க வேண்டாம், வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சைக்கிளைக் கொக்கி போட்டு வெளியே எடுக்கிறார்கள். ஒன்று என்னுடையது.

நடைவண்டி:
:) கம்பத்துக்கு வருகிறேன் என்றீர்களே?

மதகடி:
வருகிறேன். பஞ்சுக்கும் களிமண்ணுக்கும் கீழே சுமார் 12 மீட்டரில்தான் முதல் உறுதியான மணல் அடுக்கு. ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்த தேவதாரு மரங்களை அதுவரைக்கும் அடித்து இறக்கினார்கள். அணைச் சதுக்கத்தில் இருக்கிற அரண்மனை 13,659 கம்பத்தின் மேல் நிற்கிறது. வருடத்துக்கு 365 நாள், முன்னால் 1, பின்னால் 9, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். 1889இல் திறந்த மத்திய ரயில் நிலையத்துக்கு 8,687. அதற்காகத் துறைமுகத்தில் தீவு செய்து, ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவில் சுவர் மாதிரி நிறுத்திவிட்டார்கள். கட்டடம் அழகுதான், இடம் பெரிய தப்பு என்பது என் கட்சி.

மரம் தண்ணீருக்குள் இருக்கும்வரை அழுகாது. நிலத்தடி நீர் இறங்கி, கம்பத்தின் தலை காற்றைப் பார்த்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் அந்த 40 சென்டிமீட்டர் மட்டத்தில் அவ்வளவு கறார். மட்டம் ஏறினால் நிலவறை நனையும், இறங்கினால் அஸ்திவாரம் அழுகும்.

நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் மேசையில் வைத்த பென்சில் தானாகவே சன்னலுக்கு உருண்டு போகும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இருநூறு வருடமாக அப்படித்தான்" என்று சொல்லி, கட்டில் காலுக்கு வைக்க இரண்டு மரக்கட்டை கொடுத்தார். மாடிப்படி ஏணி மாதிரி குறுகல் என்பதால் சாமான் எல்லாம் உச்சியில் இருக்கிற கொக்கியில் கயிறு கட்டிச் சன்னல் வழியாகத்தான் ஏறும். எங்கள் குளிர்சாதனப் பெட்டி இரண்டாம் மாடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கத்து வீட்டுச் சன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

தெற்கு வடக்கு மெட்ரோ தோண்டும்போது 2008இல் ஃபெய்சல்கிராக்ட் தெருவில் நிலையத்துக்காக வைத்த சுவரில் கசிவு. மணலும் தண்ணீரும் உள்ளே வர, மேலே இருந்த பழைய வீடுகள் 20 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கின. வேலை 2003இல் தொடங்கியது, ரயில் ஓடியது 2018 ஜூலையில், செலவு 300 கோடி யூரோவைத் தாண்டியது. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் பக்கம் கால்வாய்க் கரைச்சுவரே சரிந்து விழுந்தது. குதிரை வண்டிக்குக் கட்டிய கரையில் குப்பை லாரியும் கான்கிரீட் லாரியும் ஓடினால் வேறென்ன ஆகும்? இப்போது பல தெருக்களில் கனரக வண்டிக்குத் தடை, கரையோரம் இரும்புப் பலகை முட்டுக்கொடுத்து நிற்கும். அதை மறைத்துப் படம் எடுக்கப் பார்ப்பீர்கள். அதையே எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இன்றைய நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லி நான் முடித்துக்கொள்கிறேன். ஊரில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் பேர். வங்கித் தலைமையகங்கள், பங்குச் சந்தை, மென்பொருள், தெற்கே சாய்டஸ் என்ற கண்ணாடிக் கட்டட வட்டாரம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதில் லாபம். ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் லண்டனிலிருந்து இங்கே வந்தது, 2021 ஜனவரியில் பங்கு வர்த்தக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. துறைமுகத்தில் பெட்ரோலும் கொக்கோவும் உலக அளவில் பெரிது. நிலக்கரியை 2030க்குள் நிறுத்துவதாகத் திட்டம்.

சுற்றுலாதான் சண்டை. வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் தங்கல் இரவுகள். வேண்டாம் என்று நகர நிர்வாகமே சொல்கிறது. 2024 முதல் விடுதி வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. நடைவண்டி, உங்கள் அலுவலகம் கட்டட்டும்.

சாண்டாம்_மழை:
கொக்கோ பற்றிச் சொன்னீர்களே, எங்கள் ஊரில் இறங்கினாலே தெரியும். ஆலையில் வறுக்கிற வாசம் வீதி முழுக்க நிற்கும். சிலருக்கு இனிப்பு வாசம். எனக்கு வீட்டில் ஆரோ அடுப்பை மறந்துவிட்ட மாதிரி இருக்கும், இத்தனை வருடமாகியும் குசினியை ஒருக்கா எட்டிப் பார்ப்பேன்.

வாடகையைப் பற்றி ஒரு சொல். இந்தக் காசெல்லாம் வந்ததில் ஊருக்குள் சாதாரண சனம் வீடு எடுக்க ஏலாது. குறைந்த வாடகைச் சமூக வீட்டுக்குப் பெயர் பதிந்து பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கிறவர்கள் கனக்கப் பேர். நான் சாண்டாமில் இருப்பது கொக்கோ வாசத்துக்காக இல்லை.

நடைவண்டி:
(ஐந்து வாரம் கழித்து) போய் வந்துவிட்டேன். மதகடி சொன்ன அளவுகோலைத் தேடி நகர மண்டபத்துக்குப் போனேன். நடைபாதையில் மூன்று கண்ணாடிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டில் கடலின் அப்போதைய மட்டம். ஒன்று எய்மாய்டனில், இன்னொன்று தெற்கே ஃபிளிசிங்கனில். நான் பார்த்தபோது இரண்டும் இடுப்பளவுகூட இல்லை. மூன்றாவது 1953 வெள்ளத்தின் மட்டம், 4.55 மீட்டர். நாட்டின் தென்மேற்கில் 1,836 பேர் செத்த வெள்ளம். தலையை அண்ணாந்துதான் அதன் உச்சியைப் பார்க்க முடிந்தது.

கீழே படியிறங்கினால் ஒரு கம்பத்தின் தலையில் பித்தளைக் குமிழ். அதுதான் சுழி. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வெளியே வந்தால் மழை. ராடாரில் பார்த்தேன், ஒன்பது நிமிடம் என்றது. மண்டப வாசலிலேயே நின்றேன். பதினொன்று ஆனது.

சும்மா_ஒருவன்:
குடை?

நடைவண்டி:
முதல் நாளே போய்விட்டது. அக்கா சொன்ன அதே முதல் பாலம்.